ஸ்கேனில் தெரியாத நூல்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. கேட்டதில் பாதி மறந்தும் போகிறது. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதைப் படித்துப் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். பயத்தோடு எழுதுகிறேன்.

போன வாரம் என் தங்கை மகள் கலாவை ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஸ்கேன் பார்க்கக் கூட்டிப் போனேன். ஐந்து மாதம். தலைச்சன் பிள்ளை. டாக்டரம்மா வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"பிள்ளை குப்புறப் படுத்திருக்கு. மூளையோட நடுப்பகுதி சரியாத் தெரியலை. அடுத்த வாரம் வாங்க."

"நடுவுல என்ன மேடம் இருக்கு?" – கலாதான் கேட்டாள்.

பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு – எல்லாவற்றையும் கவனிக்கும் சின்ன இடம் ஒன்று அங்கே அடியில் இருக்கிறதாம். ஹைப்போதலாமஸ் என்று பெயர். அதிலிருந்து நரம்புகள் நூல் மாதிரி வளர்ந்து கிளம்புமாம். எங்கே போவதென்று நூலுக்கு எப்படித் தெரியும்? வழியிலுள்ள மூளைப் பகுதிகள் ஏதோ சுரந்து, ஒன்று 'இங்கிட்டு வா' என்று இழுக்குமாம். இன்னொன்று 'அங்கிட்டுப் போ' என்று தள்ளுமாம். அந்தப் பகுதிகளே இன்னும் வளர்ந்து முடியவில்லையாம்!

வழி சொல்கிறவரே அரைகுறை வளர்த்தி என்றால்... யாருக்குத்தான் பயம் வராது?

மாசமான பெண் வெளியே போனால் எங்கள் பக்கம் தலையில் வேப்பிலை செருகுவோம். அது காத்து கருப்புக்கு. வேகத்தடைக்கு என்ன செருகுவது? திரும்பும்போது பஸ் குலுங்கும் போதெல்லாம் கலாவின் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நூல் தடம் மாறிவிட்டால்?

கூச்சத்தை விட்டு கண்டக்டரிடம், "மெதுவாப் போகச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா மாட்டு வண்டி நம்மள முந்திரும் ஆத்தா!"

பஸ்ஸே சிரித்தது. கலாவும் சிரித்தாள்.

"சிரிக்காதடி, வயிறு குலுங்குது."

"மூச்சு விட்டுக்கிறலாமா பெரியம்மா?"

நேற்று மறுபடி ஸ்கேன். பிள்ளை திரும்பிப் படுத்திருந்தது. நடுப்பகுதி நன்றாகத் தெரிகிறது, குறையொன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. பஸ் குலுங்கினால் நரம்பு வழி மாறாது என்றும் சொன்னார். கலா அழுதேவிட்டாள்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "அந்த நூலெல்லாம் சரியாப் போயிருக்குங்களா?"

"அது ஸ்கேன்ல தெரியாதும்மா. இன்னும் வளர்ந்துக்கிட்டுத்தானே இருக்கும்."

கலா நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குத்தான், பிள்ளை பிறந்து பசித்து அழுகிற சத்தம் காதில் விழுகிறவரை தூக்கம் இல்லை.

நரம்பைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். பயப்படும்படி ஏதாவது இருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கள்... கலாவுக்கு வேண்டாம்.