தொண்ணூற்றேழில் கொதித்த தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் திட்டு வாங்குவது பொருள்கள்தான். கல்வராயன் மலையில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போன வருஷம் மாட்டியது ஒரு தெர்மாமீட்டர்.

தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும். இதைச் சொல்ல விஞ்ஞானியா வேண்டும்? பீக்கரில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாதரசமோ தொண்ணூற்றேழில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன். இன்னொரு விளக்கையும் வைத்தேன். ஊஹூம். "பழைய சனியன்" என்று திட்டிவிட்டு, ரெக்கார்டு நோட்டில் நூறு என்றே எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தாள்.

"நூறுன்னு சொன்னேனே, காதுல வுழல?"

"வுழுந்துச்சி மிஸ். ஆனா தொண்ணூத்தேழுலதான நின்னுச்சி."

"அது ரிப்பேர்டி. புக்குல இன்னா போட்டிருக்கு?"

"நூறு மிஸ்."

"அப்புறம் இன்னா?"

"நான் பாத்தத எழுதுனேன் மிஸ்."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. சிவப்பு மையால் அடித்து, பூஜ்யம் போட்டு, ஐந்து முறை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தாள். ஐந்திலும் தொண்ணூற்றேழு! கத்திவிட்டேன். மறுபடி எழுதிக் கொண்டுவந்தாள், நூறு என்று. பிடிவாதத்தை அடக்கிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

சனிக்கிழமை மணலூர்பேட்டைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கள்ளக்குறிச்சியில் இறங்கி, பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் புது தெர்மாமீட்டர் வாங்கினேன். திங்கட்கிழமை மலையில் கொதிக்க வைத்தால் அதுவும் தொண்ணூற்றேழு! அடுத்த சனிக்கிழமை சண்டைக்கே போனேன்.

"இன்னா பாய் சரக்கு விக்கிறீங்க? எல்லாம் டூப்ளிகேட்டு!"

அவர் பதறவில்லை. என் பழைய சனியனையும் புதுசையும் வாங்கிக்கொண்டுபோய், பக்கத்து டீக்கடையில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் விட்டுக் காட்டினார். இரண்டும் நூறு.

"பாத்துக்கோங்க டீச்சர். அங்க அடுப்பு சூடு கம்மியோ இன்னாவோ" என்றார்.

இரண்டையும் பையில் போட்டேன்.

திங்கட்கிழமை பஸ் மலையேறியது. வளைவில் திரும்பும்போது வழக்கம்போலக் காது அடைத்தது. பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில் சிப்ஸ் பாக்கெட் பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மரமண்டையில் உறைத்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் நூறு வரை காத்திருக்காமல் முன்னாலேயே கொதித்துவிடும். நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம்! மலையில் தங்கியிருந்த வாடகை வீட்டில் பருப்பு வேகவில்லை என்று மளிகைக்காரரிடம் வாராவாரம் எகிறியவளும் நானேதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? பருப்பு போகட்டும். அந்தப் பெண்? கண்ணெதிரே பார்த்ததை எழுதியவளுக்குப் பூஜ்யம் போட்டு, பொய் எழுத வைத்திருக்கிறேன்.

முதல் பீரியடிலேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன்: தெர்மாமீட்டர் மேலும் தப்பில்லை, இவள் மேலும் தப்பில்லை, தப்பு முழுக்க என்னுடையது. அவள் நோட்டில் நூறை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். இனி யார் என்ன சொன்னாலும் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். அவள் தலையாட்டினாள். அப்பாடா, சரிசெய்துவிட்டோம் என்று இருந்தேன்.

அடுத்த வாரம் சுருள்வில் தராசில் கல்லின் எடை பார்க்கும் பாடம். வேண்டுமென்றே அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். கல்லை மாட்டினாள். முள் ஆடி நின்றது. பென்சிலை எடுத்தவள், முள்ளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"எவ்ளோ வரணும் மிஸ்?"