வெள்ளத்துரையின் அரை வினாடி

வெள்ளத்துரை பிறந்தது வாசுதேவநல்லூரில், 1924-இல். சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் சந்தில் அவர் ஸ்டுடியோ திறந்தது 1951 ஆவணியில். மூடியது 1986 தையில். இடைப்பட்ட காலத்தில் அவர் எடுத்த ஒவ்வொரு படத்தின் நெகட்டிவும் தனித்தனிக் காகித உறையில் இருந்தது. உறையின் மேல் தேதி, மணி, வானத்தின் நிலை, லென்ஸ் துவாரத்தின் எண், அது திறந்திருந்த நேரம் எல்லாம் எழுதியிருக்கும். படத்தில் இருப்பவர் பெயர் கடைசியில்தான் வரும்.

தாலுகா ஆபீசில் தினமும் காலை எட்டரைக்கு மழைமானி பார்த்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. 1963-இல் ஒருநாள் அவர் தன்னுடைய தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அங்கே வந்தார். எங்கள் தெர்மாமீட்டரோடு சேர்த்து ஒரே தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அரை டிகிரி வித்தியாசம் இருந்தது. அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போய்விட்டார். படம் கழுவுகிற மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும் என்பதற்காக, எங்கள் ஊர் வெயிலில் சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கிப் போகிறவர் அவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரத்திலிருந்து மாலையில் நான் அவர் ஸ்டுடியோவில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அவருடைய கேமரா தேக்குப் பெட்டி. மூலைகளில் பித்தளை. நடுவே தோலால் செய்த துருத்தி. அதில் மாட்டிய ஜெர்மன் லென்ஸ், பாளையங்கோட்டையில் ஒரு பாதிரியார் ஊர் திரும்பியபோது ஏலத்தில் எடுத்தது. துவாரத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வளையத்தை ஒருமுறை என் கையில் கொடுத்தார்.

"திருப்பிப் பாரும்வே."

எங்கேயும் உரசாமல், எங்கேயும் தளராமல் திரும்பியது.

"அறுபது வருசத்துக்கு முந்தி எவனோ ஒருத்தன் இத அரம் போட்டு இழைச்சிருக்கான். அவன் பேரு தெரியாது. ஆனா அவசரப்படாதவன்னு தெரியுது."

அதைச் சொன்னபோது, தனக்கு வேண்டிய ஒருவரைப் பற்றிப் பேசுகிற முகம் அவருக்கு இருந்தது. அப்படி அவருக்கு வேறு யாரும் இல்லை. மனைவி 1958-இல் காலராவில் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. மூன்று வேளையும் பக்கத்து நல்லகண்ணு கடையில்தான் சாப்பாடு.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டிக்குத் தாலி கட்டியாச்சா இல்லையா?" என்பான் நல்லகண்ணு, இலையைப் போட்டுக்கொண்டே.

"அதுக்கு உம்ம சாம்பாரு பிடிக்கலயாம். சம்மதிக்க மாட்டேங்கு."

இவ்வளவுதான் அவர் ஒரு நாளில் பேசுவது. மற்றபடி இருட்டறை, பூதக்கண்ணாடி, உறைகள்.

கூட்டமாக நிற்பவர்களைப் படமெடுப்பதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மற்றவர்கள் எடுத்த படங்களில் நடுவே நாற்காலியில் இருப்பவர்கள் துலக்கமாக இருப்பார்கள். ஓரத்தில் நிற்பவர்கள் மங்கிப்போவார்கள். இவர் படத்தில் கடைசி ஆளின் சட்டைப் பொத்தானில் எத்தனை ஓட்டை என்று எண்ணலாம்.

"நாக்காலியில உக்காந்தவன் இன்னும் பத்துப் படம் எடுப்பான். ஓரத்துல நிக்கிறவனுக்கு இது ஒண்ணுதான்வே" என்றார்.

ஓரம் துலங்க வேண்டுமானால் லென்ஸ் துவாரத்தை ஊசிக்கண் போலச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் வெளிச்சம் குறையும். குறைந்ததை ஈடுகட்ட அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். வெள்ளத்துரை எண்ணை முப்பத்திரண்டில் வைப்பார், அரை வினாடி திறப்பார். "மூச்சு விடாதீக" என்று சத்தம் போடுவார். அரை வினாடி எல்லோரும் கல்லாக நின்றாக வேண்டும்.

17-2-1979, சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். மேலநீலிதநல்லூர்க்காரி, பெயர் முத்துத்தாய். புருஷன் மூக்காண்டி இங்கே பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கிற பாக்டரியில் மூட்டை தூக்கியவன். முந்திய ஆண்டு காய்ச்சலில் இறந்துவிட்டான்.

"மார்ச்சு மூணாந்தேதி தலைத் திவசம் அண்ணாச்சி. வச்சுக் கும்பிட ஒரு படம் இல்ல. பாக்டரில எல்லாரையும் நிக்கவச்சு நீங்க எடுத்தீகளாம். அதுல அவுகளும் நின்னாகளாம்."

வெள்ளத்துரை உறையை எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 9-5-1976, ஞாயிறு, காலை எட்டே கால், மேகமூட்டம், முப்பத்திரண்டு, அரை வினாடி, நாற்பத்து மூன்று பேர். நெகட்டிவை விளக்கின் முன் பிடித்து, "எங்கன நின்னாரு?" என்று கேட்டார்.

"இடது ஓரம்னு சொன்னாக. தோள்ல துண்டு."

பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னிடம் நீட்டினார். இடது ஓரத்தில் ஒருவன் முழு ஆளாக நின்றான். துண்டின் கரை தெரிந்தது. கால் விரல்கள் தெரிந்தன. கழுத்துக்கு மேலே மட்டும் புகை. அந்த அரை வினாடியில் அவன் தலையைத் திருப்பியிருக்கிறான். ஈ மொய்த்ததோ, யாராவது கூப்பிட்டார்களோ. மற்ற நாற்பத்திரண்டு முகங்களும் கல்வெட்டு மாதிரி இருந்தன.

"வெள்ளிக்கிழமை வா தாயி. பார்த்துச் சொல்லுதேன்" என்று அவளை அனுப்பினார்.

அவள் போன பின் என்னிடம், "துவாரத்தப் பெருசா வச்சு வெரசா எடுத்திருந்தா இந்த மூஞ்சி விழுந்திருக்கும். கொஞ்சம் மங்கலா இருந்தாலும் மூஞ்சியா இருந்திருக்கும்" என்றார்.

பதினோரு நாள் அவர் அந்த ஒரு முகத்தோடு இருந்தார். தேக்குப் பெட்டியையே திருப்பி வைத்து, பின்னால் விளக்குப் போட்டுத்தான் படத்தைப் பெரிதாக்குவார். பெரிதாக்கப் பெரிதாக்கப் புகைதான் பெரிதாயிற்று. வேறு காகிதம், வேறு மருந்து என்று மாற்றினார். சரிப்படவில்லை. மூக்காண்டி வேறு எந்தக் கல்யாணத்திலாவது பின்னால் நின்றிருக்கக் கூடும் என்று 1976-லிருந்து அவன் இறந்தது வரைக்குமான உறைகளையெல்லாம் பிரித்துப் பார்த்தார். நான் போனால் தலையை ஆட்டுவார். இலையில் போட்ட சாப்பாட்டைத் தொடாமல் அவர் எழுந்து போனதாக நல்லகண்ணு சொன்னான்.

வெள்ளிக்கிழமை வந்து ஏமாந்து போனாள் முத்துத்தாய். மார்ச் ஒன்றாம் தேதி மறுபடி வந்தாள். திவசத்துக்கு ஒரு நாள்தான் மிச்சம்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில பென்சிலால கண்ணு மீசையெல்லாம் போட்டுத் தருவாகளாம். அங்கன போகட்டுமா அண்ணாச்சி? கோவிச்சுக்கிடாதீக."

"போலாம் தாயி. கண்ணு வரைஞ்சு குடுப்பான். நல்ல கண்ணாத்தான் இருக்கும். மூக்காண்டி கண்ணா இருக்காது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் பிள்ளைகளுக்கு அது தெரியவா போவுது?" என்றாள்.

வெள்ளத்துரை உள்ளே போய் ஒரு சட்டத்தை எடுத்து வந்தார். பெரிய படம் வைக்கிற அளவுச் சட்டம். உள்ளே முழுக்க வெள்ளை அட்டை. நடுவில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு படம், மூக்காண்டி மட்டும், ஒட்டியிருந்தது. நெகட்டிவை அப்படியே காகிதத்தின் மேல் வைத்து, ஒரு துளியும் பெரிதாக்காமல் எடுத்தது. முகம் துவரம்பருப்பு அளவு. அந்த அளவில் புகை ஒடுங்கி, ஒரு முகத்தின் சாயல் வந்திருந்தது.

"இதுக்கு மேல பெருசாக்கினா ஆளு போயிருதாரு. என்னால ஆனது இம்புட்டுத்தான். என் தப்பு" என்றார். இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் சரியில்லாத படம் என்று ஒன்றை யாருக்கும் கொடுத்ததில்லை. சட்டத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் அதை வாங்கி மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"கம்மாக்கரை மேல வாரப்ப அவுக இம்புட்டுக்காணுதான் தெரிவாக. மூஞ்சியா தெரியும் அம்புட்டுத் தூரத்துல? நிக்கிற நெலையும் துண்டுந்தான். அதப் பாத்ததுமே நான் உலை வச்சிருவேன்." சட்டத்தை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, "இதே போதும் அண்ணாச்சி" என்றாள்.

சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்குப் போனாள். வெள்ளத்துரை காசு வாங்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் மருந்துத் தொட்டிகளைக் கழுவினார். நான் இருப்பது அவர் நினைவில் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

24-3-1979 அன்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் மாற்றலாகிப் போனார். அதற்காக முப்பத்தொரு பேரை வைத்து எடுத்த படத்தில் ஓரத்தில் நின்ற நான்கு பேர் சற்று மங்கல். சங்கத்திலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டது நல்லகண்ணு கடைவரை கேட்டது. வெள்ளத்துரை மறுத்துப் பேசவும் இல்லை, மறுபடி எடுக்கவும் இல்லை. அந்த உறையை நான் பார்த்திருக்கிறேன். துவாரம் எட்டு, நேரம் வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதன் கீழே, வேறு எந்த உறையிலும் இல்லாத ஒரு வரி: எல்லாரும் முகத்தோடு இருக்கிறார்கள்.