கடைசி பைட்டின் காவலர்

லைல் ட்வெட் ஒரு ஆளை வேலையை விட்டே ஓட வைத்தவர் என்று நான் கேள்விப்பட்டது சேர்ந்த முதல் வாரத்தில். சொன்னவர் சரக்கு அனுப்பும் பகுதியில் இருந்த டோனா. டோனாவுக்குச் சொன்னது அவருக்கு முன்னால் அங்கே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த யாரோ. கதை இதுதான்: கணினியிலிருந்து போகும் செய்தியின் கடைசியில் ஒரே ஒரு பைட், ஒரு எண் மட்டும் கொள்ளும் இடம், சும்மா கிடந்ததாம். புதிதாக வந்த ஒருவன் அதில் எதையோ எழுதிவிட்டானாம். மறுநாள் அவன் மேஜையில் அவனுடைய காப்பிக் கோப்பை மட்டும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்ததாம்.

"நெஜமாவா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும், நான் பொட்டி ஒட்டுறவ. ஆனா அந்த பைட்டப் பத்தி மட்டும் லைல்கிட்ட வாயத் தொறந்துடாத, கண்ணு."

மேலதிகாரி அறைக் கதவு சாத்தப்பட்டாலே விசா போய்விட்டது என்று நினைக்கும் ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

ஸ்போக்கேன் நகரில், டிரென்ட் அவென்யூவில், முன்பு கம்பளக் கடையாக இருந்த கட்டடத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. நாங்கள் செய்தது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு டப்பி. ஒரு முனையில் யூஎஸ்பி, மறு முனையில் ஒன்பது ஊசிகள் கொண்ட பழைய சீரியல் இணைப்பு. உலகத்தில் சாக மறுக்கும் இயந்திரங்கள் ஏராளம். எடை மேடைகள், கடைசல் இயந்திரங்கள், சீட்டு அடிக்கும் பெட்டிகள். புதிய கணினிகளோ அவற்றுக்கான துளையையே தூர்த்துவிட்டன. நடுவில் தரகு பேசுவது எங்கள் டப்பி. அந்த டப்பியோடு பேசுவது கணினிக்குள் இருக்கும் டிரைவர் என்ற மென்பொருள். இந்த இரண்டும் எந்த ஒழுங்கில் பேசிக்கொள்ள வேண்டும் என்று வகுத்தவர் லைல்.

கணினியிலிருந்து டப்பிக்குப் போவது கட்டளைச் செய்தி. அது ஒரு வரிசை வீடு மாதிரி. முதல் வீட்டில் 'வேகத்தை மாற்றச் சொல்லப் போகிறேனா, இல்லையா' என்று இருக்கும். அடுத்த வீட்டில்தான் என்ன வேகம் என்பது. இப்படி எல்லாமே ஜோடி ஜோடி. சொல்லப் போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் சொல்வது. லைல் வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி கார்லா கம்பெனி விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைத்தார்.

"காலைல மேஜைல ஒக்காந்து, 'கார்லா, நான் ஒண்ணு கேக்கப் போறேன்'னுவாரு. நான் திரும்பிப் பாத்து சரின்னு சொன்னப்புறம் 'உப்பு'ம்பாரு. முட்டை அதுக்குள்ள ஆறிடும்."

"ஆனா ஒரு தடவகூட சர்க்கரைய நீட்டினதில்ல பாரு," என்றார் லைல், சற்றும் சிரிக்காமல்.

வரிசையின் கடைசி வீடுதான் அந்தப் புகழ்பெற்ற பைட். அதற்கு நேரே லைல் எழுதி வைத்திருந்தது: 'ஒதுக்கப்பட்டது. பூச்சியமாகவே இருக்க வேண்டும்.' இந்தத் தொழிலில் இது வழக்கம். நாளைக்கு என்ன தேவை வருமோ என்று கொஞ்சம் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவைப்பார்கள். நம் பக்கத்துப் புறம்போக்கு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறம்போக்கு என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இவர்களுக்குத் தெரியாது, படித்தவர்கள்.

லைலுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு செய்தியின் வடிவம் கடையை விட்டு வெளியே போய்விட்டால் பிறகு அதை மாற்றக்கூடாது. என்றோ ஒரு பல் டாக்டருக்கு விற்ற டப்பி நாளை வெளியாகும் டிரைவரோடும் பேச வேண்டும். ஞாயிறு பிரசங்கத்தில் பாதிரியார் வேதத்தைத் தொடுவதுபோல அந்த வடிவத்தைத் தொட்டுத்தான் பேசுவார். விருந்துக்கு ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் கொண்டுவருவார். தட்டை நீட்டியவர்கள் ஒரு துண்டையும் ஒரு உபதேசத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஜூன் மாதம் விற்பனைப் பகுதி பிரென்ட் ஒரு கூட்டம் கூட்டினான். மேஜைமேல் போட்டிக் கம்பெனியின் டப்பியை வைத்தான். அதில் நீல விளக்கு ஜொலித்தது.

"நம்ம லைட்டப் பாருங்க. செத்த மீனு கண்ணு மாதிரி இருக்கு. வெளிச்சத்தக் கூட்டிக் கொறைக்க ஒரு வழி வேணும். அந்தக் கடைசி பைட் சும்மாதான கெடக்கு?"

லைல் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசக்கூடிய கூட்டம் அது.

"அது வரப்போற தலைமுறைக்கு வெச்சது, பிரென்ட்."

"வரப்போற தலைமுறை நீல லைட்டுதான் வாங்கும், லைல்."

"இன்னிக்கு லைட்டு. நாளைக்கு ஒருத்தர் வந்து பாட்டுப் பாடணும்பாரு. அப்புறம் மொத்த செய்தியும் சந்தைக்கடை ஆயிடும்."

முதலாளி மார்ஜீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கணவர் விட்டுப்போன கம்பெனியை அவரைவிட நன்றாக நடத்தியவர். நேராகப் பேசுபவர்.

"ஒரே கேள்வி. இப்ப அந்த பைட்ட யாராச்சும் எதுக்காச்சும் உபயோகிக்கிறோமா?"

லைல் காப்பியை எடுத்துக் குடித்தார். கோப்பை காலி என்பது எனக்குத் தெரிந்தது, பக்கத்தில்தான் இருந்தேன்.

"இல்லல்ல? அப்ப லைட்டுக்கே குடுத்துடுங்க."

டிரைவரில் அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. ஒரு மாதம் நான் காப்பிக் கோப்பையை வீட்டுக்கே எடுத்துப்போனேன். ஆனால் லைல் கோபப்படவில்லை. மாறாக, விளக்கின்மேல் அளவு கடந்த அக்கறை காட்டத் தொடங்கினார்.

"வெளிச்சம் முழுசா வைக்கணுமா?" என்று என் மேஜைக்கு வந்து கேட்டார். "இருபதுன்னு வெச்சா போதாதா?"

"ஒரு பைட்டுல முழு வெளிச்சம்னா எரநூத்தி அம்பத்தஞ்சு. இருபதுன்னா எரியுறதே தெரியாதே."

"மென்மையா இருக்கும். கண்ணுக்கு நல்லது."

அடுத்த வாரம் மின்சாரச் சிக்கனத்துக்காக இருபது என்றார். அதற்கடுத்த வாரம், ராத்திரியில் பூச்சி வராது என்றார். பதினெட்டு வேண்டுமா, இருபத்திரண்டு வேண்டுமா என்றால் இரண்டும் வேண்டாம், இருபதேதான். பிரென்ட் முழு வெளிச்சத்தைவிட்டு இறங்கவில்லை. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மார்ஜீன் அறையிலிருந்து வெளியே வந்து, புது டிரைவர் வெளியாகிவிட்டது, விண்டோஸ் ஏழு இருக்கிற கணினிக்கெல்லாம் தானாகப் போய்ச் சேரும் என்று அறிவித்தார். டோனா கை தட்டினார். லைல் என் தோளைத் தொட்டு, "கொஞ்சம் வெளிய வா," என்றார்.

அவருடைய பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லப் போறேன்."

"சொல்லுங்க."

"அந்தக் கடைசி பைட் காலி இல்ல."

"ஆமா, லைட்டுக்குக் குடுத்தாச்சே."

"அதுக்கு முன்னாடியே காலி இல்ல."

கார்லாவின் தம்பி ஓரின் தீல் ரிட்ஸ்வில் ஊருக்குத் தெற்கே ஒரு கோதுமைக் கிடங்கை நடத்துகிறார். கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கு அது. லாரி எடை மேடையில் ஏறியதும் எடைச் சீட்டு அடிக்கும் ஒரு பெட்டி அங்கே உண்டு. ஓரினின் கல்யாணத்துக்கும் மூத்தது. எழுத்துகள் வேகமாக வந்தால் காகிதத்தை மென்று துப்பிவிடும். ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே கார்லா சொன்னாராம்: "ஊருக்கெல்லாம் டப்பி செய்யுற, எந் தம்பிக்கு ஒண்ணு செஞ்சு குடுக்க மாட்டியா?" லைல் செய்து கொடுத்தார். ஓரினுடைய டப்பிக்குள்ளும் ஓரினுடைய கணினியிலும் மட்டும், அந்தக் கடைசி பைட் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைச் சொன்னது. இருபது என்றால் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பெட்டி மெல்லாமல் அடித்தது.

வேலி பயிரை மேய்ந்ததல்ல இது. வேலி பயிருக்கு நடுவே ஒரு கொட்டகை போட்டுக் குடியே இருந்திருக்கிறது.

"இப்ப புது டிரைவர் அங்க போனா?" என்றேன். கேட்கும்போதே கணக்கு எனக்குள் ஓடிவிட்டது. விளக்கின் முழு வெளிச்சம், ஓரினின் டப்பிக்கு முழுப் பொறுமை.

"எழுத்துக்கு எழுத்து ரெண்டரை நொடி. ஒரு சீட்டுல பேரு, வயலு, ஈரம், எடைன்னு எரநூறு எழுத்து இருக்கும், ஒரு சீட்டுக்கே எட்டு நிமிஷம். சீட்டு இல்லாம எவனும் லாரிய நகத்த மாட்டான். நாளைக்கு மழைன்னு ரேடியோவுல சொல்லியிருக்காங்க. எல்லாரும் இன்னிக்குதான் அறுத்துக் கொண்டாருவாங்க. லாரி நெடுஞ்சாலை வரைக்கும் நிக்கும். நின்னா அடுத்த கம்பெனிக் கிடங்குக்குத் திரும்பிடுவாங்க. இந்த வருஷம் வரத்து கொறஞ்சா ஓரினோட கிடங்க மூடிடறதுன்னு சங்கம் ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருக்கு. அவன் இருபத்தாறு வயசுலேர்ந்து அங்கதான் நிக்கிறான்."

"மார்ஜீன்கிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லுங்க!"

"சொல்றேன். மொதல்ல ஓரின்கிட்ட பேசி, கணினி புதுசப் போடவான்னு கேட்டா 'வேண்டாம்'னு அமுக்கச் சொல்லிடறேன். அமுக்கிட்டான்னா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்ல."

"அவரு அமுக்குவாரா?"

லைல் முந்தின ஞாயிறு ஓரின் வீட்டில் நடந்ததைச் சொன்னார். கணினி எது கேட்டாலும் ஓரின் 'ஆமா' என்றுதான் அமுக்குவாராம். ஏன் என்று கேட்டதற்கு, "இல்லன்னா திரும்பத் திரும்ப வந்து நிக்குது மாமா, வரிக்காரன் மாதிரி. ஆமான்னு சொன்னா அமைதியாப் போயிடுது," என்றாராம்.

உள்ளே வந்து லைல் தன் மேஜைத் தொலைபேசியிலிருந்து எடைக் கொட்டகையின் எண்ணைப் போட்டார். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"மேடைல நிப்பான். லாரிக்காரன்கூட வம்பு பேசிட்டு இருப்பான்."

துண்டித்துவிட்டு ஓரினின் கைபேசிக்குப் போட்டார். அது நேரே பதிவுக்குப் போனது: "ஓரின் பேசுறேன். அறுப்பு நடக்குது. அறுப்பு முடிஞ்சு கூப்பிடு." மறுபடியும் கொட்டகைக்கே போட்டார். அதற்குள் அந்த மணியோசை கம்பளக் கடைக் கூரையெல்லாம் எதிரொலித்தது. பிரென்ட் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் மார்ஜீன்.

"யாருக்கு லைல் இவ்வளவு அவசரமா?"

நான் விசாவைக்கூட மறந்து லைலைப் பார்த்தேன். லைல் மறுபடியும் எழுந்து நின்றார்.

"மார்ஜீன், நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, முன்னுரையே இல்லாமல் சொல்லிவிட்டார். "கடைசி பைட்ட நான் எடுத்துக்கிட்டேன். எம் மச்சினனுக்காக. அன்னிக்குக் கூட்டத்துல நீங்க கேட்டப்ப நான் பேசாம இருந்துட்டேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிரென்டின் வாய் திறந்தது. மார்ஜீன் பார்த்த பார்வையில் அதுவே மூடிக்கொண்டது.

"எத்தன பேருகிட்ட அந்த மாதிரி டப்பி இருக்கு?"

"ஒருத்தன்தான்."

"அந்த ஒருத்தன் எங்க?"

லைல் தொலைபேசியைக் காட்டினார்.

"நீ செஞ்சதப் பத்தி அப்புறம் பேசறேன், நிறையவே பேசறேன்," என்றார் மார்ஜீன். "பிரென்ட், வெளியீட்ட இப்பவே நிறுத்தச் சொல்லு. லைட்டு எரியாட்டி பரவால்ல."

"நிறுத்தலாம் மார்ஜீன்," என்றேன் நான். "ஆனா காலைலேர்ந்து போனது போயிடுச்சு. அதுல அவரு கணினியும் இருந்தா, அங்க 'ஆமா'ன்னு அமுக்கறதுக்குள்ள நாமதான் புடிக்கணும்."

"அப்ப புடி, லைல்."

லைல் குனிந்து ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினார், கூட்டினால் அந்தப் பக்கமும் பலமாக அடிக்கும் என்பதுபோல.

"எடு மாப்ள," என்றார். "ஒரு லாரிய நிறுத்திட்டு வந்து எடுறா. எதையும் அமுக்காம வந்து எடு."

நாங்கள் நால்வரும் மேஜையைச் சுற்றி நின்றோம். மணி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.