விமலா மிஸ் மூன்று முறை கேட்ட கேள்வி

முந்தலில் ஒரு கடைச் சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலைக் கணவர் போனில் படமெடுத்து வந்து காட்டினார். விமலா மிஸ். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கிளினிக்கில் அவருடைய அலுமாரியில் இருக்கும் என் கோப்பு இனி யார் கைக்குப் போகும் என்ற பயம்தான் வந்தது. மிஸ்ஸைத் தெரிந்தவர்களே, மன்னியுங்கள். எச்ஐவியோடு வாழ்கிறவள் நான், சந்தேகப்பட்டே பழகிவிட்டேன்.

சிகிச்சை நிலையத்தில் அவர் தாதி. கணவரும் நானும் அங்கேதான் மருந்து எடுக்கிறோம். கல்யாணமான புதிதில், "பிள்ளை ஆசை இருக்கா, தங்கச்சி?" என்று கேட்டார். ஓம் என்றால் ஏதாவது செய்து கருத்தரிக்காமல் ஆக்கிவிடுவார்கள் என்று பயந்து, "இல்ல மிஸ்" என்றேன். கையில் பேனை இருந்தும் அவர் எழுதிக்கொள்ளவில்லை. "இப்ப எழுதல்ல. அடுத்த முறையும் கேப்பன்." மூன்று முறை கேட்டார். நான்காம் முறை நானே கேட்டேன்: "ஆசை இருந்தா?"

"மருந்த ஒழுங்கா எடு. ரத்தத்தில கிருமி தெரியாத அளவுக்குக் குறையட்டும். பிறகு டொக்டரோட கதைப்பம். நீ உம்மாவாகலாம்."

அப்போதும் நம்பவில்லை. ஒருநாள் எங்கள் ஊர் மாம்புரியில், வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் அவரைக் கண்டேன். என் மாமிக்கு எங்கள் நோய் தெரியாது. சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தலில் என்னை நேருக்கு நேர் கண்டும் யாரோ போலக் கடந்து போனார். அடுத்த கிளினிக்கில் சிரித்தார். "கோவமா? வெளியில நீதான் முதல்ல கதைக்கணும். அதுவரைக்கும் எனக்கு உன்னத் தெரியாது."

கிருமி குறைந்து, டொக்டரும் சம்மதித்த பிறகு மகள் பிறந்தாள். தாய்ப்பாலிலும் கிருமி போகலாம் என்பதால் நான் பால்மா கரைப்பதை மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். வார்டுக்கு வந்த மிஸ்ஸைப் பிடித்தார். "தாய்ப்பால் குடுக்காம என்னத்த மறைக்கிறீங்க?"

சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"பால்மா குடுக்கச் சொன்னது நாங்கதான். ஏனெண்டு சொல்லுறதும் சொல்லாததும் உங்கட மருமகள்ட விருப்பம்" என்றார் மிஸ். பொய்யும் சொல்லவில்லை; என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. மாமியின் பார்வை மட்டும் அன்றிலிருந்து என்னை விட்டு விலகவில்லை. மகளுக்கு எல்லாச் சோதனையும் முடிந்தது. கிருமி இல்லை.

உடப்பில் மிஸ்ஸின் செத்த வீட்டுக்குப் போய் வந்தேன். "யார்ட மவுத்துக்குப் போன?" என்றார் மாமி. வழக்கம்போல எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். என் கதையைச் சொல்லுவதானால் நானே சொல்ல வேண்டும் என்பதுதான் மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி தன் மடியிலிருந்த என் மகளைப் பார்த்தார். "இவளுக்கு?"

"இல்ல மாமி. சோதிச்சாச்சு."

நம்பினாரா தெரியாது. மகளை மடியிலிருந்து இறக்கவில்லை.