எறா கம்பெனியில் ஆறு நாள் வகுப்பு

1974ஆம் வருஷம், சித்திரை வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை காலை. மேஸ்திரி குப்பன் கையில் ஒரு தாளோடு எறா உரிக்கும் கூடத்துக்குள் வந்து பன்னிரண்டு பேருடைய பெயரைப் படித்தார். முதல் பெயர் சாராள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு முதலுதவி வகுப்பு. ஆறு நாளு. பேர் படிச்சவங்கோ எல்லாம் வந்துரணும்."

"யாருக்கு இன்னா ஆச்சு மேஸ்திரி?" என்று கேட்டாள் சாராள்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. கத்துக்கினு இருக்கணுமாம். மேல சொல்றாங்கோ."

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. நீள மேசையின் இருபுறமும் நின்றிருந்த முப்பது பெண்களின் கைகளும் ஒரு கணம் ஓய்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் மட்டும் எப்போதும்போல் உறுமிக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையோரம் இருந்தது அந்தக் கம்பெனி. பழவேற்காட்டு ஏரியில் பிடித்த எறா அங்கே வந்து, தலை கிள்ளி, ஓடு உரிந்து, பனிக்கட்டியாக உறைந்து கப்பலேறியது. உறைய வைப்பதற்கு அமோனியா. பெண்கள் அதற்குக் கேஸு என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். காலையில் கதவைத் திறந்ததும் அது மூக்கைச் சுருக்கென்று குத்தும். அரைமணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது ஒன்றுதான். கம்ப்ரஸர் அறையின் பித்தளைப் பூட்டில் ஆறு மாதமாக, கசிகிற கேஸு பட்டு, நீலமும் பச்சையுமாக ஏதோ பூத்துக்கொண்டே வந்தது. துடைத்தால் போகும், மறுவாரம் திரும்ப வரும்.

சாராளுக்கு முப்பத்தாறு வயது. கவரப்பேட்டைக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அதனால்தான் பெயர்ப் பட்டியலில் முதலாவதாக வந்தாள். அவள் புருஷன் தானியேல் இரும்புப் பட்டறை ஒன்றில் வேலை செய்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் உருளையில் இரண்டு விரல் போயிற்று. அங்கே கட்டுப்போடத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட, பஸ் பிடித்துத் தனியாகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனான். டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் துண்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவன் பலமுறை சொல்லியிருக்கிறான். வகுப்பைப் பற்றிச் சொன்னதும், "போ, போயி கத்துக்க" என்றான்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் பூவராகவன். ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர், திருவள்ளூர்க்காரர். இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். கேட்டுக்குள் நாலடி வைத்ததும் நின்றுவிட்டார். மூக்கைத் தூக்கி மோந்தார்.

"இந்த வாடை எத்தனை நாளா?"

"அது எப்பவும் கீறதுதான் சார்" என்றாள் கோவிந்தம்மா. பழவேற்காட்டு மீனவர் குப்பத்திலிருந்து வருகிறவள், எதற்கும் சிரிப்பவள்.

அவர் சிரிக்கவில்லை. வகுப்பை ஆரம்பிக்கும்போது புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இது மூணு வாரப் பாடம். ஆறு நாள்ல முடிக்கணும்னு ஆர்டர். ஒரு நாள் தப்பினா மூணு நாள் தப்பின மாதிரி."

எதற்கு இத்தனை அவசரம் என்பதைக் கம்ப்ரஸர் ஓட்டுகிற லோகநாதன்தான் அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் சொன்னான். அவனும் கோவிந்தம்மாவின் குப்பத்துக்காரன். கண் இரண்டும் எப்போதும் செக்கச்செவேலென்று இருக்கும்.

"ரெண்டாவது கம்ப்ரஸர் வருதுக்கா. பயிற்சி எடுத்த ஆளு இருக்குன்னு சர்டிபிகேட் காட்டினாத்தான் பர்மிஷன். அதுக்கோசரம்தான் வகுப்பு."

"இருக்கிறதே ஒழுகுது. இன்னொண்ணா?" என்றாள் சாராள்.

"ஒரு வால்வு மாத்தணும்னு நானும் தலப்பாடா அடிச்சிக்கினு கீறேன். எறா சீசன் முடியட்டும்ங்கிறாங்கோ." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "பேஜாருதான்."

முதல் நாள் முக்கோணத் துணியில் கட்டுப் போடுவது. இரண்டாம் நாள் எலும்பு முறிவு என்று பலகையில் எழுதிய பூவராகவன், பாதியில் சாக்கட்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "இங்க தண்ணிக் குழாய் எங்கே இருக்கு?"

முற்றத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு குழாய். அவர் கூடத்திலிருந்து அதுவரை அடி எண்ணி நடந்தார். நாற்பத்திரண்டு. திரும்பி வரும்போது பின்கதவைப் பார்த்தார். அதை அடைத்து, உள்பக்கம் காலி மரப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள்.

"கண்ணு எரிஞ்சுக்கிட்டு நாற்பத்திரண்டு அடி யாரும் ஓட முடியாது" என்று அவர் மேனேஜரிடம் சொல்வது பெண்களுக்கும் கேட்டது. "கூடத்துக்கு வெளியிலயே தண்ணி வேணும். அந்தப் பெட்டிகளை எடுக்கணும்."

மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "பரீட்சையில எலும்பு முறிவுதானே கேப்பாங்க? அதை நடத்துங்க. கட்டடம் எங்க பொறுப்பு."

மறுநாள் டீ நேரத்தில் சாராளும், வகுப்பில் அவளோடு இருந்த எல்லம்மாவும் உப்பு வந்த பழைய பீப்பாய் ஒன்றை உருட்டி வந்து பின்கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள். குப்பன் பார்த்தார். பார்க்காதவர்போல் போய்விட்டார். பெட்டிகளைத் தொட அவர்களுக்கும் துணிச்சல் வரவில்லை. சரக்கு லாரி வரும்போது எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அன்று பூவராகவன் பலகையில் எதுவும் எழுதவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். கேஸ் மேலே ஏறும், அதனால் குனிந்து வரவேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணில் பட்டால் தண்ணீர், தண்ணீர், கால்மணி நேரம் விடாமல் தண்ணீர். காற்று எந்தத் திக்கிலிருந்து வருகிறதோ அந்தத் திக்கை நோக்கித்தான் நடக்கவேண்டும்.

"எந்தப் பக்கத்துக் காத்துன்னு அவசரத்துல எப்பிடி சார் தெரியும்?" என்றாள் சாராள்.

"உங்க முந்தானையைப் பாருங்கம்மா. அது பறக்கிற பக்கம் போகாதீங்க."

"மூச்சு நின்னு போச்சுன்னா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அந்தப் பாடம் அட்டவணையில் ஐந்தாம் நாள். எழுந்து நின்றபடியே, காற்றில் ஒரு ஆள் படுத்திருப்பதுபோல் பாவித்து, தலையைப் பின்னுக்குச் சாய்ப்பதையும் மூக்கைப் பிடித்து வாயில் ஊதுவதையும் கையால் காட்டினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நாளைக்கு வந்ததும் இதைத்தான் முதல்ல நடத்துறேன். எவன் கேட்டாலும் சரி" என்றார்.

மறுநாள், வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் நின்றது. கம்பெனி திறந்த நான்கு வருஷத்தில் வேலை நேரத்தில் அந்தச் சத்தம் நின்று யாரும் கேட்டதில்லை. பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். பிறகு கெட்டித்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு நீளமான சத்தம். முன்கதவுப் பக்கம் சுவரின் சந்து வழியே வெள்ளைப் புகை கூடத்துக்குள் இறங்கியது.

எல்லோரும் பழக்கத்தில் முன்கதவுக்குத்தான் ஓடினார்கள்.

"அந்தப் பக்கம் போவாதீங்கோ!" சாராளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. "குனிங்கோ! துணிய நனச்சி மூஞ்சில கட்டுங்கோ! பின்னால வாங்கோ, பின்னால!"

தரையெங்கும் ஐஸ் உருகிய தண்ணீர். முந்தானையை அதில் தோய்த்து மூக்கில் அழுத்திக்கொண்டார்கள். பெட்டிகளை எல்லம்மாவும் சாராளும் இழுத்துத் தள்ளினார்கள். மேலே இருந்தவை சரிந்து ஒருத்தியின் தோளில் விழுந்தன. கதவு திறப்பதற்குள் மூன்று பேர் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பாதிப் பேர் சாலையைப் பார்த்து, மேற்கே ஓடத் தொடங்கினார்கள். சாராள் முந்தானையை அவிழ்த்துப் பிடித்தாள். அது மேற்கே பறந்தது. புகையும் அதே பக்கம்தான் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"கெழக்க! வயல் பக்கம்!"

கோவிந்தம்மா மட்டும் முன்கதவுவரை போயிருந்தாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கடைசியாக வந்து சேர்ந்தாள். சாராள் அவளைப் பீப்பாயடியில் படுக்கப் போட்டு, இமைகளை விரலால் பிரித்துப் போணியால் தண்ணீர் ஊற்றினாள். கோவிந்தம்மா அலறினாள், அடித்தாள், சாராளின் கையைக் கடித்தாள். சாராள் விடவில்லை.

அப்போதுதான் கிழிபடும் சத்தம் நின்றது. யாரோ உள்ளே வால்வை மூடியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் லோகநாதன் கைகளை ஊன்றித் தவழ்ந்து பின்கதவுக்கு வந்தான். படியைத் தாண்டியதும் முகம் குப்புற விழுந்தான்.

சாராள் ஒரு கணம் இங்கும் அங்கும் பார்த்தாள். போணியை எல்லம்மாவின் கையில் திணித்தாள். "நிறுத்தாத. அவ செத்தாலும் நிறுத்தாத, ஊத்து!"

லோகநாதனைப் புரட்டினாள். வாயோரம் நுரை. துடைத்தாள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை. அவள் அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள். மூக்கைப் பிடித்தாள். அதற்கப்புறம் எத்தனை ஊத வேண்டும், எவ்வளவு வேகம், எப்போது நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எதுவும் தெரியவில்லை. அவன் வாயிலிருந்த கேஸின் காரம் அவள் தொண்டையைக் கீறியது. ஊதினாள். எறா லாரியைக் குப்பன் கொண்டுவந்து நிறுத்தும்வரை ஊதினாள். லாரியில் ஏறி உட்கார்ந்து பொன்னேரிவரை ஊதிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றாள்.

இரண்டு மணிக்குப் பூவராகவன் வழக்கம்போல் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கம்பெனி வாசலில் போலீஸ் நின்றிருந்தது.

கோவிந்தம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை தங்கியது. மற்றது பால் படர்ந்தது போலாகிவிட்டது. மற்றவர்கள் பத்து நாள் இருமிவிட்டுத் தேறினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி சாராளிடம் கேட்டார்: "நீங்க பயிற்சி முடிச்சவங்களா?"

"மூணு நாளு முடிச்சேன் சார்."

மேனேஜர் மாற்றலாகிப் போனார். வால்வுகள் மாற்றப்பட்டன. கம்பெனி மூன்று மாதம் மூடிக்கிடந்து ஆடியில் மறுபடி திறந்தது. வகுப்பையும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை மூன்று வாரம். முதல் பன்னிரண்டு பேரில் சாராளும் எல்லம்மாவும்தான் வந்தார்கள். மற்றவர்கள், அந்த வகுப்பு வந்ததனால்தான் விபத்தும் வந்தது என்றார்கள். அதை நம்புகிறவர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

லோகநாதனின் நுரையீரல் உள்ளுக்குள் வெந்துபோயிருந்தது, பெரிய டாக்டரே பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பூவராகவன் சாராளிடம் இரண்டுமுறை சொன்னார். அவள் தலையாட்டினாள். அதை அவள் முழுசாக நம்பியதில்லை. தானியேலிடம் ஒருமுறை மட்டும் கேட்டாள்: "ஒரு நாள் முன்னால சொல்லிக் குடுத்திருந்தாங்கன்னா?" தானியேல் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

புதிய வகுப்பின் முதல் நாள். முன்வரிசையில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். லோகநாதனின் பெண்டாட்டி செங்கம்மாள். அவன் போனதற்காகக் கம்பெனி அவளுக்கு எறா உரிக்கும் வேலை கொடுத்திருந்தது. வகுப்பில் சேரச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே பெயர் கொடுத்திருந்தாள்.

பூவராகவன் மூச்சுப் பாடத்தைத்தான் முதலில் எடுத்தார். கோணிக்குள் வைக்கோல் அடைத்து ஆள்போலச் செய்து கொண்டுவந்திருந்தார். செய்துகாட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. சாராள் எழுந்து போனாள். தலையைச் சாய்த்தாள், மூக்கைப் பிடித்தாள், அவர் எண்ணிக்கை சொல்லச் சொல்ல ஊதினாள்.

நிமிர்ந்தபோது செங்கம்மாள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"அன்னிக்கும் இப்பிடியேதான் செஞ்சியாக்கா?"

சாராள் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இப்பிடித்தான் செஞ்சேன்னு நெனைக்கிறேன். செரியாத் தெரியல செங்கம்மா."

செங்கம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். அழுகையோ கோபமோ வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோணியின் பக்கத்தில் மண்டி போட்டாள்.

"மெதுவாச் சொல்லு. நான் செய்றேன்" என்றாள்.