நாப்கின் பாக்கெட்டுக்குள் மாத்திரை

கல்லூரியில் படிக்கும்போதே எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து பெண் கேட்டு வந்தபோது அதைச் சொல்ல அம்மா விடவில்லை. "இப்ப சொன்னா யாருடி கட்டிக்குவா? அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள். அவளுக்கும் சர்க்கரை உண்டு, அதையும் சொல்லவில்லை.

புகுந்த வீட்டில் மாத்திரையை நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தேன். உறவுக்காரர்கள் தங்கும் நாட்களில் அதை எடுக்கவே முடியாது. மாமியார் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை மட்டும் மறுக்காமல் சாப்பிட்டேன். பிரசவத்தின்போது சர்க்கரை இருப்பது வெளிப்பட்டது. கர்ப்பத்தில் வந்தது, தானாகவே போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

இந்த வருடம் சிறுநீரில் புரதம் போகிறது என்று ரிப்போர்ட் வந்தது. மரபணுப் பரிசோதனையும் செய்து பார்த்த திருச்சி டாக்டர், "இது பரம்பரையா வர்ற வகைம்மா. சின்ன மாத்திரையே போதும். விடாம போட்டிருந்தா கிட்னி இப்படி ஆகியிருக்காது. பாப்பாவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு, பார்த்துடுங்க" என்றார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "நாலு வயசுப் பொண்ணு பேரை இப்பவே கெடுக்காதடி" என்றாள்.

அன்றே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தனை வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அம்மாவிடமும் சொல்லிவிட்டு மகளை லேபுக்கு அழைத்துப் போனேன். ஊசி குத்தியதும் அவள் அலறினாள். அம்மா சொன்னதுதான் சரியோ என்று அப்போதும் தோன்றியது.

ரிசல்ட் வந்து பத்து நாளாகிறது. அவளுக்கும் அந்த மரபணு இருக்கிறது. அம்மா தினமும் போன் செய்து குழந்தை சாப்பிட்டாளா என்று கேட்கிறாள். ரிசல்ட்டைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.