அந்தத் தலைவன் நான் இல்லை

மகளின் பாடக் கொப்பியில் வரும் தலைவன் நான்தான் என்று நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் சங்கத் தலைவர் நான். மாதர் சங்கத் தலைவி அடுத்த லயத்து வீட்டு வரிசையில் இருக்கிறார்.

அன்று மாலை மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம், விருந்தாளி போல வீட்டுக்குள் வந்து நின்றது. அடுத்த மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற மகள் உள்ளே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் விஞ்ஞானம். நீராவி குளிர்ந்து துளியாகிறது என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னது தாலாட்டாகவே இருந்தது. கண் சொருகியது. பிறகு கொப்பி மாறியது.

"தலைவன் மலைப்பாதையில் வருகிறான். தலைவி காத்திருக்கிறாள். ஊரெல்லாம் இவர்களைப் பற்றித்தான் பேச்சு."

தூக்கம் பறந்தது. என் நெற்றியிலேயே நீராவி துளியாகியது. அந்த நேரம் பார்த்து மனைவி வேலை முடிந்து வாசலுக்கு வந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"கூட்டம் முடிஞ்சு தலைவி வீட்டுல ரொட்டி சாப்பிட்டது நெசந்தான். ஒன் ரொட்டியவிட மெத்துன்னு இருந்ததும் நெசந்தான். மத்தபடி ஊரு சொல்றத நம்பாத."

மனைவி கூடையை மெதுவாக இறக்கி வைத்தாள். "ஊரு என்னா சொல்லுது?"

மகள் கொப்பியோடு எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது இலக்கியம். இந்தத் தலைவனுக்குப் பேரே கெடையாது."

"குடுத்து வச்சவன். தப்பிச்சான்," என்றாள் மனைவி.

ஊரில் யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை. அந்த ரொட்டியைப் பற்றி வாய் திறந்த ஒரே ஆள் நான்தான்.